குளிர்கடலில் வெப்ப உள்ளாடை

யூபிலி மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டினர். கல்லூரி விடுதியின் புட்டையும் சம்பலையும், துடுப்பாட்டப் போட்டிகளையும், பிரம்புக்குப் பெயர்போன ஆசிரியர்களையும் பற்றி எழுதுதற்கு எம்மினும் நினைவாற்றல் மிக்க நண்பர் பலர் உளர். அவர்கள் எழுதியே தீர்வர். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அஃது உள்ளாடை பற்றியது. இது கல்லூரி மலர் ஒன்றுக்குத் தகுமோ என ஐயுறுவார் சற்றுப் பொறுத்தருள்க. நாம் கூறப்புகுவது மின்சாரத்தாற் சூடேறும் உள்ளாடை. குளிர்கடலிற் சுழியோடுவார் தம் உடம்பு விறைக்காதிருத்தற்பொருட்டு அணிவது. அதனை எப்பொழுது சூடாக்குவது என்பதில் ஒருவர் உடல்நலம் தங்கியிருத்தலை நாம் கண்ணாரக் கண்டமையால் இதனை எழுதுகின்றோம்.

1980களின் பிற்பகுதியில் எம்மவர் பலர் நோர்வே நாட்டின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தனர். நாமும் அவ்வழியே சென்றவர்தாம். மீன் வெட்டும் மேசையருகே நின்று யன்னற் கண்ணாடியூடே பார்த்த அக்கடலுக்குள் ஒருநாள் இறங்குவோம் என எவரேனும் அக்காலத்திற் கூறியிருப்பின் நகைத்திருப்போம். பின்னர் போடோ நகருக்குக் குடிபெயர்ந்து, நாற்பது வயது கடந்து, பிள்ளைகள் நீச்சல் பழகிய தடாகத்தின் கரையிற் காவலிருந்த பொழுதிலேதான் சுழியோடும் ஆசை எம்மைப் பற்றியது.

போடோவுக்கு அண்மையில் சால்ட்ஸ்திரோமன் என்னும் ஒடுங்கிய நீரிணை ஒன்று உண்டு. 150 மீற்றர் அளவே அகலமுள்ள அவ்வாயிலினூடே, வற்றும் பெருக்கும் மாறுந்தோறும், ஏறத்தாழ 40 கோடி கன மீற்றர் கடல்நீர் ஆறு மணிநேரத்திற் பாய்ந்து செல்லும். உலகின் மிக வலிய கடல் நீரோட்டங்களுள் அஃது ஒன்று. நீரோட்டம் அடங்கி நிற்கும் சிறுபொழுதில் அங்கு இறங்குதல் வேண்டும். இறங்கினாற் பாறை முழுவதும் கடற்சாமந்திகள் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்கும். பொந்துகளினின்றும் ஓநாய்மீன்கள் முதிய தலைமை எழுதுவினைஞர்போல முகஞ்சுளித்து எம்மை நோக்கும். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் மாரிக்காலத்தில் அந்நீரின் வெப்பநிலை 4 அல்லது 5 பாகை செல்சியஸ்.

காங்கேசன்துறைக் கடலில் 28 பாகை நீரில் ஆடி வளர்ந்தோர்க்கு இவ்வெண்ணின் பொருள் எளிதிற் புலப்படாது. எம் நாட்டிற் சங்கு குளிப்போரும், முன்னாளில் மன்னார்ச் சிலாபத்தில் முத்துக் குளித்தோரும், இடையில் ஒரு துண்டோடு கடலில் இறங்கினர். அவர்களுக்குப் பகை சுறாவும் மூச்சும், குளிரன்று. எனினும் கீரிமலைக் கேணியில் நெடுநேரம் நின்ற சிறுவனின் உதடு நீலித்துப் பற்கள் கிடுகிடுத்தலை எல்லோரும் கண்டிருப்போம். நீரானது காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. ஓய்ந்திருக்கும் மனிதவுடல் ஏறத்தாழ 100 உவாற்று வெப்பத்தை, அதாவது பழைய மின்குமிழ் ஒன்று உண்ணும் அளவை, ஈனுகின்றது. இச்சிறு விளக்கை நம்பி வட அத்திலாந்திக் கடலுக்குள் இறங்குதல், மண்ணெண்ணெய் விளக்கை ஏந்தி மழையில் நடத்தலை ஒக்கும்.

குளிர் உடனே கொல்வதன்று. முதலில் விரல்களைக் கவர்கின்றது. உடல் தன் நடுப்பகுதியைக் காத்தற்பொருட்டுக் கைகால்களுக்குச் செல்லும் குருதிக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். பின் கொளுக்கியை மாட்டவும், வால்வைத் திருகவும், பொத்தானை அழுத்தவும் விரல்கள் மறுக்கும். அடுத்து அறிவு மந்தமாகும். உடலின் உள்வெப்பம் 37 பாகையினின்றும் 35 பாகைக்குக் கீழிறங்கின் மருத்துவர் அதனை நோயெனவே கொள்வர். இதற்கிடையில் நடுவுடலில் வந்து குவிந்த குருதியைச் சிறுநீரகங்கள் மிகையெனக் கொண்டு தம் பணியை மும்முரமாகத் தொடங்கிவிடும். இதனை இங்கு விரித்தெழுதுதல் தகாது. நீர்புகா உடைக்குள் அடைபட்டிருப்பவன் படும் பாட்டைப் படிப்போர் ஊகித்துக்கொள்க.

இக்குளிருக்கு மாற்றாக மனிதன் தேடிய உடைகள் பல. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர் இயூ பிராட்னர் நியோப்பிரீன் றப்பராலாய ஈர உடையை ஆக்கினார். நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த அந்த றப்பரே காப்பு. ஆழஞ் செல்லச் செல்ல அமுக்கத்தாற் குமிழிகள் ஒடுங்க, உடை மெலிந்து காப்புங் குறையும். ஆகவே எம் பகுதியில் உலர் உடையே வழக்கு. கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாது இறுகப் பிடிக்கும் அவ்வுடைக்குள், முதலில் மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேற் பஞ்சுபோன்ற தடித்த உள்ளாடை என அடுக்கடுக்காக அணிவர். வெப்பத்தைக் காப்பது துணியன்று, துணியிடையே சிறைப்பட்ட வாயுவே. சிலர் இவ்வுடைக்குள் காற்றுக்குப் பதிலாக ஆகன் வாயுவை நிரப்புவர். அது காற்றினும் மூன்றிலொரு பங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்துவது. ஆழ்கடலிற் சுவாசிக்கும் ஈலியக் கலவையை உடைக்குள் விட்டாலோ நிலைமை தலைகீழ். ஈலியம் காற்றினும் ஏறத்தாழ ஆறு மடங்கு கடத்தும்.

இவையனைத்தும் உள்ள வெப்பத்தைப் போகாது காப்பனவேயன்றிப் புதிதாக வெப்பம் தருவனவல்ல. புதிதாகத் தருவதற்கு வெளியேயிருந்து ஒரு வழி வேண்டும். இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தார் மின்சாரத்தாற் சூடேறும் உடைகளை அணிந்து, அவற்றை விமானத்தின் மின்சுற்றோடு பொருத்திக்கொண்டனர். வட கடலின் எண்ணெய்க் கிணறுகளில் வேலைசெய்யும் சுழியோடிகளுக்கு மேலிருந்து குழாய் வழியே சுடுநீர் வந்து உடைக்குள் ஓடிக் கடலிற் கலந்துகொண்டேயிருக்கும். அஃது அறுந்தால் என்னாகும் என்பதற்கும் சான்றுண்டு. 2012 செப்தெம்பரில் வட கடலில், ஏறத்தாழ 90 மீற்றர் ஆழத்தில், கிறிஸ் லெமன்ஸ் என்னும் சுழியோடியின் இணைப்புக் குழாய், மேலே கப்பல் நிலைதவறி விலகியதால் அறுந்தது. மூச்சும், ஒளியும், சுடுநீரும் ஒருங்கே நின்றன. அவர் முதுகிலிருந்த அவசர வாயு சில நிமிடங்களுக்கே போதுமானது. தோழர் அவரை மீட்டபோது ஏறத்தாழ அரைமணி நேரம் கடந்திருந்தது, அவர் பிழைத்தார். அவ்வரலாற்றைக் கேட்கும்போதெல்லாம் எமக்கு மயிர்க்கூச்செறியும்.

எம்போன்ற பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்குக் குழாயுமில்லை, கப்பலுமில்லை. எமக்கென வந்ததே மின்கலவடுக்கால் இயங்கும் உள்ளாடை. கையில்லாத சட்டை போன்றது. முதுகிலும் இடுப்பிலும் மார்பிலும் காபன் இழையோ மெல்லிய கம்பியோ தைக்கப்பட்டிருக்கும். அதனைக் கம்பளிச் சட்டைக்கு மேலும் தடித்த உள்ளாடைக்குக் கீழுமாக அணிவர். நடுவுடல் சூடாயிருப்பின் உடல் தன் கதவுகளை அடைக்காது. குருதி கைகளுக்கும் செல்லும். ஆதலின் முதுகைச் சூடாக்கினால் விரல்களும் பயன்பெறும். இதிலுள்ள விஞ்ஞானம் எம் கல்லூரி ஆய்கூடத்தில் யூலின் கலோரிமானியோடு நாம் மல்லாடிய அதே விஞ்ஞானமேயன்றி வேறன்று: தடையினூடு மின்னோட்டம் பாயின் வெப்பம் பிறக்கும். எமது சட்டை 12 வோல்ற்றில் 100 உவாற்றை உண்பது. ஆகவே மின்னோட்டம் 8.3 அம்பியர். 24 அம்பியர்மணி கொள்ளும் மின்கலவடுக்குக் கணக்கின்படி மூன்று மணிநேரத்துக்குச் சற்றே குறைவாக நீடிக்கும். குளிரில் மின்கலத்தின் வலு குன்றுமாதலால் நாம் அதிற் பாதியையே நம்புவோம்.

மின்கலத்தை எங்கு வைப்பது என்பதில் இரு கட்சிகள் உள. உடைக்குள்ளேயே வைப்பின் கம்பி சுருங்கும், உப்புநீர் தீண்டாது. ஆனால் ஏதேனும் கோளாறு நேரின் அதனைத் தொடவும் இயலாது. கொதிக்கும் இரும்பு முதுகில் ஒட்டியிருக்க, உடையைக் கழற்ற வழியின்றி 30 மீற்றர் ஆழத்தில் நிற்பதை எண்ணிப்பார்க்க. வெளியே இடுப்பில் வைப்பின், உடையின் வால்வினூடே கம்பி உட்செல்லும். நீருக்குள்ளேயே இணைப்பைப் பிடுங்கிவிடலாம். நாம் பின்னைய கட்சி. எக்கட்சியாராயினும், ஒட்சிசன் செறிந்த வாயுவை இவ்வுடைக்குள் ஊதுதல் கூடாது. மின்கம்பியும் ஒட்சிசனும் பஞ்சும் ஓரிடத்திற் கூடுதல் நன்றன்று.

எமது தமக்கையார் தொலைபேசியில் இதனைக் கேள்வியுற்று, "வயித்திலை நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறது நாங்கள், நீ முதுகிலை கட்டிக்கொண்டு தண்ணிக்குள்ளை போறியோ, தம்பி?" என்றார். அதற்கு விடை கூறும் வல்லமை எமக்கு இருக்கவில்லை.

உண்மையில் இச்சட்டையை நாம் நெடுங்காலம் வாங்கவில்லை. காரணம் யாழ்ப்பாணத்துச் சிக்கனமன்றி வேறில்லை. அதன் விலைக்கு ஒரு குடும்பம் ஊர்சென்று மீளும் செலவிற் பாதியைக் காணலாம். எம்மோடு சுழியோடும் தோழரோ உடனே வாங்கிக்கொண்டார். அவர் கப்பல் கட்டும் தளத்தில் இரும்பொட்டு வேலைசெய்து ஓய்வுபெற்ற நோர்வே நாட்டவர், பேச்சுக் குறைந்தவர், எம்மிலும் பன்னிரண்டு வயது மூத்தவர்.

ஒரு பங்குனி மாதத்தில் நாம் இருவரும் 38 மீற்றர் ஆழத்திற் கிடக்கும் ஒரு பழைய சரக்குக் கப்பலைப் பார்க்கச் சென்றோம். நீர் 4 பாகை. தோழர் கரையிலேயே தம் சட்டையை மூட்டிக்கொண்டார். எமக்குக் கம்பளி மட்டுமே. அடியில் 25 நிமிடம் நின்றோம். நாம் நடுங்கத் தொடங்கியிருந்தோம். அவரோ ஆறுதலாகச் சுக்கானைச் சுற்றிச்சுற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். மேலேறத் தொடங்கிய சிறிது நேரத்தில் அவர் தம் மார்பைத் தட்டிக் கையை விரித்துக் காட்டினார். சட்டை அணைந்துவிட்டது. உப்பேறிய இணைப்பு ஒன்று உள்ளே கறுத்து அற்றுப்போனமையே காரணம் எனப் பின்னர் கண்டோம்.

அவ்வளவு ஆழத்தினின்றும் நேரே மேலேறுதல் ஆகாது. ஆழத்தில் உடலிற் கரைந்த நைதரசன், அமுக்கம் குறையும்போது சோடாப் போத்தலைத் திறந்தாற்போலக் குமிழியாகப் பிரியும்; அது மூட்டிலோ முள்ளந்தண்டிலோ தங்கின் நோவும் முடமும் நேரும். ஆதலின் 6 மீற்றரிலும் 3 மீற்றரிலும் தரித்து நின்று, நைதரசன் மூச்சுவழியே மெல்ல வெளியேற விடுதல் வேண்டும். அன்று அத்தரிப்பு 20 நிமிடம். அந்நேரம் முழுவதும் தோழர் நடுங்கினார். நங்கூரக் கயிற்றை அவர் விரல்கள் பற்ற மறுத்தன. அவருடைய உடையின் வால்வை நாமே அழுத்திக் கொடுத்தோம். முகமூடிக் கண்ணாடியூடே அவர் கண்களைப் பார்த்துக்கொண்டே நிமிடங்களை எண்ணினோம். இருபது நிமிடம் இத்துணை நீளமானது என்பதைப் பரீட்சை மண்டபத்திற்கூட நாம் அறிந்ததில்லை.

அன்றிரவு அவருடைய இடது தோளில் நோவு கண்டது. மருத்துவர் அவரை அமுக்க அறையில் இட்டு, ஏறத்தாழ ஐந்து மணிநேரம் ஒட்சிசன் ஊட்டினர். நோவு தீர்ந்தது. நாமோ ஒரே ஆழத்தில், ஒரே நேரம், அதே கணக்குக் கருவியின் சொற்படி நடந்து, தொடக்கமுதல் நடுங்கியவராயினும், ஓரூறுமின்றிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

வயது வேறு, உடல் வேறு. ஒரு நிகழ்ச்சியிலிருந்து எதனையும் நிறுவ முடியாது. எனினும் சூடாயிருந்தவருக்கு நோயும் குளிர்ந்திருந்தவருக்குச் சுகமும் வந்தமை எம்மை உறுத்திற்று. அதனாலேதான் அமெரிக்கக் கடற்படையின் சுழியோடல் ஆய்வுப் பிரிவு 2007இல் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படித்தோம். புளோரிடா மாநிலத்துப் பனாமா நகரில், 120 அடி ஆழத்துக்கு ஒத்த அமுக்கத்தில், தொண்டர்களை நீரில் அமர்த்தி ஆராய்ந்தனர். சிலருக்கு அடியில் வெந்நீர், ஏறும்போது தண்ணீர். வேறு சிலருக்கு அடியிலே தண்ணீர், ஏறும்போது வெந்நீர். அடியில் 30 நிமிடம் சூடாயிருந்து, குளிரில் ஏறியோருள் நூற்றுக்கு 22 பங்கினர்க்கு அமுக்கநோய் கண்டது. அடியிலே 70 நிமிடம் குளிரில் இருந்து, சூட்டில் ஏறியோருள் நோயுற்றோர் நூற்றுக்கு 1.3 மட்டுமே. இருமடங்குக்கு மேலான நேரம் ஆழத்தில் நின்றும் இவ்வாறு!

காரணம் கடினமானதன்று. சூடான உடலிற் குருதி தாராளமாக ஓடும். ஆழத்தில் அவ்வோட்டம் நைதரசனை மூட்டைமூட்டையாகத் தசைகளுக்குச் சுமந்து செல்லும். பின்னர் குளிர் தாக்கிக் குழாய்கள் சுருங்கின், சுமந்து சென்றதைத் திருப்பிக் கொணர வண்டியில்லை. எமது தோழருக்கு நேர்ந்தது இதுவே என நாம் சத்தியஞ் செய்ய மாட்டோம். ஆயினும் அவர் அன்று கடந்துசென்ற வழி அவ்வறிக்கையின் மிகத் தீய வழியே.

இங்கு ஒரு வேடிக்கையும் உண்டு. அவ்வாய்வில் 'வெந்நீர்' எனப்பட்டது 36 பாகை. 'தண்ணீர்' எனப்பட்டது 27 பாகை. அதாவது அமெரிக்கக் கடற்படை குளிரென்று வகுத்தது எமது பாக்கு நீரிணையின் அன்றாட நீர்! ஆதலின் அந்த எண்களை அப்படியே 4 பாகைக் கடலுக்குப் பொருத்துதல் இயலாது. திசையை மட்டும் கொள்ளலாம். சுழியோடியின் கைக்கருவியும் இதனைத் தீர்த்து வைக்காது. சில கருவிகள் நீரின் வெப்பநிலையைக் கணக்கிற் கொள்ளினும், உடைக்குள் எம் முதுகு சுடுகின்றதா விறைக்கின்றதா என்பதை அவை அறியா.

தோழரும் நாமும் இதுபற்றிப் பல மாலைகள் வாதிட்டோம். அவர் தரப்பிலும் நியாயம் உண்டு. வெப்பச் சட்டை இருப்பின் தடித்த உள்ளாடை வேண்டாம். தடிப்புக் குறையின் உடைக்குள் வாயு குறையும். வாயு குறையின் மிதப்பை அடக்க இடுப்பிற் கட்டும் ஈயமும் குறையும். அறுபது வயது கடந்த முழங்காலுக்கு நான்கு இறாத்தல் ஈயம் குறைந்தாலும் பெரும் பேறே. இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் கம்பளிக்கு இணைப்பு அற்றுப்போதல் என்பதில்லை. அதற்கு மின்னேற்றமும் வேண்டியதில்லை. மின்கலம் அணைந்த கணத்தில் மெல்லிய ஆடையோடு 20 நிமிடத் தரிப்பை எண்ணி நிற்பவனுக்குக் குறைந்த ஈயத்தால் என்ன பயன்?

இறுதியில் நாமும் ஒரு சட்டை வாங்கினோம். சட்டையே இல்லாததுபோலக் கருதித் தடித்த உள்ளாடையை முழுமையாக அணிகின்றோம். இறங்கும்போதும் அடியில் நிற்கும்போதும் அதனை மூட்டுவதில்லை. சற்றுக் குளிர்ந்தே இருக்கின்றோம். மேலேறத் தொடங்கியபின் தாழ்ந்த நிலையில் மூட்டி, 6 மீற்றர்த் தரிப்பிற் கூட்டுகின்றோம். அப்பொழுது முதுகிற் பரவும் அந்த இளஞ்சூடு, மார்கழி விடியலில் அடுப்படியிற் குந்தியிருந்து தேநீருக்குக் காத்திருந்த சுகத்தை நினைவூட்டும். கரையேறியவுடன் சுடுநீரிற் குளிப்பதில்லை. திடீரெனத் தோல் சூடேறின் எஞ்சிய வாயு அங்கேயே குமிழியாகலாம். வீடு வந்ததும் இணைப்புகளை நன்னீரிற் கழுவி, உலர்த்தி, உருப்பெருக்குக் கண்ணாடியாற் பார்த்து வைக்கின்றோம். தோழர் இப்பொழுது தடித்த உள்ளாடைக்கு மீண்டுவிட்டார். ஈயத்தின் பாரத்தை நோர்வே மொழியில் வைதுகொண்டே படகேறுகின்றார்.

கல்லூரியின் விஞ்ஞான மன்றத்து மாணவர் சிலர், இச்சட்டையைக் காட்டுவீர்களோ என்று எழுதிக் கேட்டிருந்தனர். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொணர்வோம். மின்கலவடுக்கைக் கொணர இயலாது. விமானப் பயணிகள் 160 உவாற்றுமணிக்கு மேற்பட்ட இலிதிய மின்கலவடுக்கைக் கொண்டுசெல்ல அனுமதியில்லை, எமது 288. கவலையில்லை. ஆய்கூடத்து 12 வோல்ற்று வழங்கியிற் சட்டையைப் பொருத்தி, அம்பியர்மானி 8.3 காட்டுகின்றதா எனவும், தடை 1.44 ஓம் அளவில் வருகின்றதா எனவும் மாணவரே கணித்துப் பார்க்கலாம். பத்து நிமிடம் அதனை அணிந்து நிற்பதற்கு ஒருவர் வேண்டும். ஆவணி வெயிலில் அதனைத் தாங்க வல்லார் விஞ்ஞான மன்றச் செயலாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுப்பாராக.